அடிக்காத அடி

கால் வலிக்கிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி வந்தால் விடுங்கள், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. இது களைத்தவர்களுக்கான கதை. களைத்த ஒருத்தியின் கதை.

வெகு காலத்துக்கு முன்னால், ராஜாவின் பெயர் மக்களுக்கும் மக்களின் பெயர் ராஜாவுக்கும் தெரியாமல் இருந்த நாளில், மடைமங்கலம் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்குக் கிழக்கே பெரிய ஏரி. மேற்கே, எப்போதோ இடிந்துபோன கோட்டையின் மேடு. இரண்டுக்கும் நடுவில் வீடுகள், வயல்கள், தெருக்கள், ஓயாத வேலை.

வழிப்போக்கருக்குச் சோறு போடும் சத்திரம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அதற்கு நெல் குத்தித் தரும் பெண்களில் ஒருத்தி ஆவுடை. விடிந்தால் உலக்கை, உச்சியில் உலக்கை, பொழுது சாயும்வரை உலக்கை. வீட்டுக்குப் போனால் அடுப்பு, மாடு, கடைக்குட்டிப் பெண் பூவாயி, வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பும் புருஷன் வேம்பன். படுக்கும்போது முதுகு மட்டும் தனியாக விழித்துக்கொண்டிருக்கும்.

அவள் அழுது புலம்புகிறவள் அல்ல. உமி போவதும் தவிடு போவதும் பார்த்துப் பார்த்து, தன்னிடமிருந்தும் ஏதோ போய்க்கொண்டே இருக்கிறது என்று மட்டும் சில சமயம் நினைப்பாள். போவது என்ன, மிஞ்சுவது என்ன என்று நினைத்துப் பார்க்கத் தொடங்குவதற்குள் அடுத்த படி நெல்லை உரலில் கொட்டிவிடுவார்கள்.

அந்த ஊருக்குச் செய்தி சொல்வது ஏரிக்கரை முரசு. மடை திறந்தால் ஓர் அடி. மடை மூடினால் ஓர் அடி. கள்ளர் வந்தால் ஓர் அடி. அதைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கோட்டைமேட்டில் ஏற வேண்டும். இதெல்லாம் அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

இன்னும் ஓர் அடி உண்டு. ஏரி நிறைந்து மிஞ்சிய தண்ணீர் மறுகால் வழியாக வெளியேறும்போது அடிக்கிற நிறைமுரசு. அதற்கு ஊரில் ஒரு பாட்டே இருந்தது.

ஏரி நெறஞ்சுது, ஊரு நெறஞ்சுது, வயிறு நெறஞ்சுது, வா!

மூன்று முறை ஒரே தாளம், திம் திம் தகதிம். கடைசி வா-வுக்குத் 'தோம்' என்று ஒரே ஒரு பெரிய அடி. அதைக் கேட்டதும் ஊரே மஞ்சளும் பூவும் மீன்கூடையுமாக மறுகால் திடலுக்கு ஓடும். புதுத்தண்ணீரைக் கும்பிடும். துள்ளி விழுகிற மீனை அள்ளும். ஆனால் ஏரி நிறையாத காலத்தில் அந்த அடியை யாரும் விரலால்கூடத் தட்டக் கூடாது. தட்டினால் மேகம் கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது ஊர்க்கட்டு.

அந்தக் காலத்தில் சில வருஷங்களாகவே ஏரி பாதிக்கு மேல் ஏறவில்லை. யாரும் அதைத் தட்டவுமில்லை.

அப்போது பழைய முரசுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். நாட்டாமை கடலோரச் சீமையிலிருந்து சாத்தன் என்ற ஒருவனை வரவழைத்தார். ஒல்லியான ஆள், ஆவுடையைவிட இளையவன். வந்த அன்றே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"ஐயா, உங்க ஊரு அடியெல்லாம் எனக்கு யாராச்சும் சொல்லித் தரணும். இல்லேன்னா எங்க பக்கத்து அடிய நீங்க கத்துக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்கணும்."

"முரசு முரசுதானப்பா" என்றார் நாட்டாமை. "இதுக்கு என்ன பாடம்? அறுப்பு முடியட்டும், பாப்போம்."

அறுப்பு முடிந்தது, உழவு வந்தது. உழவு முடிந்தது, நடவு வந்தது. நடவு முடிந்தது, களையெடுப்பு வந்தது. பார்ப்போம் என்ற சொல் அந்த ஊரில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டது. மடை திறக்கவும் மூடவும் சாத்தன் ஏதோ தட்டினான். தண்ணீர் வந்தது, நின்றது. அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்?

ஆவுடை சாயங்காலம் ஏரிப் படியில் முகம் கழுவப் போவாள். உடம்பெல்லாம் தவிட்டுத் தூசியாக இருக்கும். மூச்சு வாங்கச் சற்று உட்காருவாள். அவளுக்கென்று ஒரு நாளில் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது, கரைமேல் குடிசை வாசலில் சாத்தன் முரசைத் தொடையில் சாய்த்து விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது என்ன அடி? இங்க கேட்டதில்லையே."

"தீப்பிடிச்ச அடி, அக்கா. எங்க பக்கத்துல."

"எங்கே, இன்னொரு தரம் தட்டு."

எதற்காகக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நாள் முழுக்க ஒரே தாளத்தைக் கேட்ட காதுக்கு வேறொன்று வேண்டியிருந்ததோ என்னவோ. அவன் தட்டினான். அவள் படிக்கல்லில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். தப்பு. மறுபடி தட்டினாள். தப்பு. மூன்றாம் முறையும் தப்பு.

சாத்தன் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி அக்கா. கடைசில ஒரு அடி சேத்துப் போட்டுடறீங்க. அங்க அடிக்கக் கூடாது. சும்மா விடணும்."

"ஏன்?"

"எங்க பக்கத்துல 'ஓடு'ன்னு சொல்ற அடி எல்லாத்துலயும் கடைசி அடி காலி. கேக்குறவன் எழுந்து நிக்கிறதுக்கு நேரம் வேணுமில்ல? அதுக்காக விடறது."

அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் ஓர் அடியும் ஓயாத கை. நிறுத்து என்றால் அதற்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன் தொடையில் தட்டிக்கொண்டே போனாள். மறுநாள் உலக்கையோடும் மனசுக்குள் அதையே சொல்லிப் பார்த்தாள்.

அவளும் முத்தரசியும் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்துகிறவர்கள். ஒருத்தி உலக்கை ஏறும்போது மற்றவள் உலக்கை இறங்கும். நடுவில் ஆவுடை ஓர் அடியை விட்டுவிட்டாள்.

"அடியே, தூங்கறியா?" என்றாள் முத்தரசி.

"இல்ல. காலி அடி பழகுறேன்."

"காலி வயிறுதான் நமக்குப் பழக்கமாச்சே. காலி அடி வேற பழகணுமாக்கும்" என்றாள் முத்தரசி. நெல் குத்தும் களம் முழுக்கச் சிரித்தது.

வீட்டுக்கும் செய்தி போயிற்று. வேம்பன் கெட்டவன் இல்லை. அவனும் களைத்தவன்தான். கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"இந்த வயசுல முரசு கத்துக்கிட்டு எந்த அரமனைக்கு வாசிக்கப் போறே?"

"எங்கயும் போகல."

"அப்புறம் எதுக்கு?"

ஆவுடை கலயத்தைக் கழுவி வைத்தாள்.

ஆனாலும் போனாள். சில நாள் போனாள், சில நாள் முடியவில்லை. போன நாளில் பாதியைத் திரும்பி வருவதற்குள் மறந்தாள். தீயடி வந்தது. பிறகு கடலோரத்துக் கள்ளர் அடி வந்தது; அதிலும் கடைசி அடி காலி. பதிலுக்கு ஊர்க் கள்ளர் அடியையும் மடையடிகளையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நிறைமுரசைச் சொல்லித் தரவில்லை. ஏரி நிறையாமல் அதைத் தட்டக் கூடாதே.

"நல்லது ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி. தண்ணி வரட்டும், சொல்றேன்" என்றாள்.

"எங்கிட்டயும் ஒண்ணு பாக்கி இருக்கு அக்கா. அது கெட்டது. அதுவும் மெதுவா வரட்டும்" என்றான் அவன்.

இதனால் அவளுக்கு வேலை குறைந்ததா என்றால், இல்லை. முதுகுவலி போயிற்றா என்றால், அதுவும் இல்லை. ஆனால் உரலடியில் நிற்கும்போது முன்னால் கேட்காததெல்லாம் கேட்டது. பத்தாயத்தில் நெல் சரியும் ஓசை, வண்டிச் சக்கரம் எந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, பூவாயி தூக்கத்தில் மூச்சு விடும் கணக்கு. உள்ளே ஒரு சின்னச் சன்னல் திறந்துகொண்டது போல இருந்தது. வீடு அதே வீடுதான். காற்று மட்டும் கொஞ்சம் வந்தது.

அந்த வருஷம் மழை வந்தது.

முதலில் எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு ஓட்டை ஒழுகலை அடைக்க ஓடினார்கள். பிறகு மழை நிற்காது என்று தெரிந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மழையில் அகப்பட்ட வழிப்போக்கரெல்லாம் சத்திரத்திலேயே தங்கிவிட, நெல் குத்தும் வேலை இரண்டு மடங்காயிற்று. ஆவுடை ஏரிப் பக்கம் போகவேயில்லை. நாளைக்குப் போகலாம் என்று தினமும் நினைத்தாள். நினைத்த நினைப்போடு தூங்கிப்போனாள்.

ஏரியோ ஏறிக்கொண்டே இருந்தது. நிறைமுரசு எப்போது, எப்போது என்று ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஒரு நாள் உச்சிப்பொழுது கழிந்த நேரம். மழை சற்றுத் தணிந்திருந்தது. கரையிலிருந்து முரசு எழுந்தது.

திம் திம் தகதிம். திம் திம் தகதிம். திம் திம் தகதிம்.

உலக்கைகள் நின்றன. ஒரு கணம் ஊரே மூச்சைப் பிடித்தது. அடுத்த கணம், எல்லா வீட்டு வாசலிலிருந்தும் ஒரே குரலாக வந்தது.

"வா!"

சிரிப்பும் கூச்சலுமாகக் கதவுகள் திறந்தன. பூ வந்தது, மஞ்சள் வந்தது, கூடை வந்தது. பிள்ளைகள் தோளில் ஏறினார்கள்.

"ஏரி நெறஞ்சுதுடி!" என்று உலக்கையைச் சாய்த்துவிட்டு முந்தானையை உதறினாள் முத்தரசி. "அந்த வெளியூர்க்காரனப் பாரு. கடைசித் தோமை விட்டுட்டான். மழையில கை விறைச்சுப் போச்சு போல."

ஆவுடை நகரவில்லை.

முரசு மறுபடி அடித்தது. மூன்று தாளம். பிறகு ஒன்றுமில்லை. ஊர் அந்த ஒன்றுமில்லாத இடத்தில் தன் வாயால் "வா!" என்று போட்டு நிரப்பியது. மறுபடி மூன்று. மறுபடி காலி. மறுபடி "வா!"

அவள் கைதான் முதலில் கண்டுகொண்டது. அந்த இடத்தில் அடிக்காமல் இருக்க எத்தனை சாயங்காலம் பட்ட பாடு! கை விறைத்தவன் ஒரு முறை விடுவான். மூன்று முறையும் அதே இடத்தில் விடமாட்டான். அந்த அடியை அவள் இதற்கு முன் அவனிடம் கேட்டதில்லை. ஆனால் அதன் கடைசியை அவளுக்குத் தெரியும். எழுந்து நில், ஓடு.

அவன் சொல்லாமல் பாக்கி வைத்த கெட்டது இதுதான். கரை உடைகிறது. அவள் சொல்லிக் கொடுத்த ஊரடிகளெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருக்கும். பயம் வந்தால் கை தன் தாய்மொழியில்தான் பேசும்.

"முத்தரசி, போகாதே. அது வான்னு சொல்லல. ஓடுன்னு சொல்லுது."

"உனக்கென்ன கிறுக்கா? பாலு குடிச்ச நாள்லேருந்து கேட்ட அடி எனக்குத் தெரியாதா?"

ஆவுடை தெருவுக்கு ஓடினாள். நாட்டாமை பூத்தட்டோடு போய்க்கொண்டிருந்தார்.

"ஐயா, கரை உடையுது. எல்லாரையும் மேட்டுக்குத் திருப்புங்க."

"இந்தக் கரை எங்க பாட்டன் காலத்துலயே உடைஞ்சதில்ல" என்றார் அவர், நடையை நிறுத்தாமல். "இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்கிற நாளும்மா இது. வாயக் கழுவிட்டு வா."

அவள் கூட்டத்தின் தலைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். வேம்பன் வெகுதூரம் முன்னால் போயிருந்தான். அவன் தோளில் பூவாயி. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாடிக்கொண்டு போகிறாள். ஆவுடை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஊர்ப் பாட்டு அவள் குரலை விழுங்கிவிட்டது.

ஓடிப் பிடிக்க அவள் காலில் வலு இல்லை. சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. அந்த மக்களுக்குப் புதிய அடி புரியாது, பழைய அடிதான் புரியும்.

களத்துக்குத் திரும்பினாள். பெரிய கல்லுரலில் இருந்த நெல்லைக் கையால் வாரி வெளியே எறிந்தாள். வெறும் உரலில் உலக்கையைப் போட்டாள்.

வெறும் உரலை இடிக்கக் கூடாது. அது அந்த ஊரில் சாவு வீட்டுக் காரியம். களத்தில் மிஞ்சி நின்ற பெண்கள் காதைப் பொத்தினார்கள். அவள் இடித்தாள். சும்மா இடிக்கவில்லை. ஊரின் கள்ளர் அடியை இடித்தாள். கல்லும் உலக்கையின் இரும்புப் பூணும் மோதி மணி மாதிரி கத்தின.

"ஐயோ பாவி, என்னடி பண்றே?" என்று முத்தரசி உலக்கையைப் பிடுங்க வந்தாள். வந்தவள் ஆவுடையின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக எதிரில் நின்று பார்த்த முகம். அது களைத்துப் பார்த்திருக்கிறாள், கோபித்துப் பார்த்திருக்கிறாள். பயந்து பார்த்ததில்லை.

முத்தரசி நம்பினாளா என்பது தெரியாது. தன் உலக்கையை எடுத்தாள். ஆவுடையின் உலக்கை ஏறும்போது அவளுடையது இறங்கியது. அது போதும். பக்கத்து உரலில் ஒருத்தி சேர்ந்தாள். அதற்கடுத்த உரலில் இன்னொருத்தி.

கூட்டத்தின் வாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கள்ளன்!" என்றான் ஒருவன். அந்தச் சொல் வாலிலிருந்து தலைக்கு ஓடியது. பாட்டு அறுந்தது. பூத்தட்டு விழுந்தது. நிறைமுரசுக்கு ஓடிய அதே கால்கள் திரும்பி, களத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கோட்டைமேட்டைப் பார்த்து ஓடின. வேம்பன் பூவாயியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்த பிறகுதான் ஆவுடை உலக்கையை விட்டாள்.

மேட்டில் ஏறியதும் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கள்ளன் எங்கே? வெறும் உரலை இடித்தாயே, யார் வீட்டில் சாவு? நாட்டாமைக்கு மூச்சு வாங்கியது. "இவளை இன்னையோட..." என்று தொடங்கினார்.

அவர் முடிக்கவில்லை. கிழக்கே ஒரு சத்தம். இடி இல்லை. பெரிய மாடு ஒன்று களைத்துப் படுப்பது போன்ற சத்தம். முரசு நின்றது. கரை மெதுவாகக் குனிந்தது. மறுகால் திடல் இருந்த இடத்தில், ஊரே பூவோடு நின்றிருக்க வேண்டிய இடத்தில், மண்ணிறத் தண்ணீர் நடந்துபோயிற்று.

பூவாயி, "அம்மா, மீனெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

கீழத்தெரு போயிற்று. மாடுகள் சில போயின. வருஷக்கணக்காகக் காத்திருந்த தண்ணீர் போயிற்று. ஆள் ஒருவரும் போகவில்லை. சாத்தனை மறுநாள் காலையில் ஒரு பனையின் மட்டைகளுக்கிடையே கண்டுபிடித்து இறக்கினார்கள். முரசு இல்லை. முரசுக்கோல் மட்டும் இடுப்பில் செருகியிருந்தது.

கஞ்சி குடித்த பிறகு அவன் கேட்டான். "அக்கா, ஏன் எல்லாரும் ஏரிப் பக்கமா வந்தாங்க? நான் ஓடுங்கன்னுதானே அடிச்சேன்?"

ஆவுடை ஊர்ப் பாட்டை அவனுக்குச் சொன்னாள். கடைசி வா-வையும் சொன்னாள். அவன் இடுப்பிலிருந்த முரசுக்கோலை உருவித் தரையில் வைத்தான்.

"உங்களத் தவிர ஒரு சாயங்காலம் வேற யாராச்சும் வந்து உக்காந்திருக்கலாமே" என்றான்.

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கரையை மறுபடி கட்டினார்கள். புது முரசு செய்தார்கள். நாட்டாமை தாமே எழுந்து, "இனிமே சாயங்காலம் எல்லாரும் கரைக்கு வரணும். நம்ம அடிய அவனுக்குச் சொல்லுவோம், அவன் அடிய நாம கத்துக்குவோம்" என்றார். முதல் நாள் ஊரே வந்தது. உட்கார இடம் இல்லை. உழவு தொடங்கியபோது பாதிப்பேர் வந்தார்கள். நடவுக்கு அதிலும் பாதி. அறுப்பு வந்தபோது, பார்ப்போம் என்ற பழைய சொல் மூலையிலிருந்து எழுந்து சோம்பல் முறித்தது.

இது அந்த ஊரின் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை எல்லோருக்கும் உண்டு. உடம்பும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆவுடை போனாள். அவளுக்கும் வேலை குறையவில்லை. சில நாள் படியில் உட்கார்ந்தபடியே கண் அசந்தாள். சாத்தன் எழுப்பமாட்டான், முரசை மெல்லத் தட்டிக்கொண்டிருப்பான். தூக்கத்திலும் அவள் விரல் தொடையில் ஆடும்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் யாரோ வந்து முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். முத்தரசி.

"உன்னாலதான் எனக்கு இந்தக் கேடு. எங்கே, சொல்லு."

ஆவுடை தட்டிக் காட்டினாள். முத்தரசி கல்லில் தட்டினாள். கடைசியில் ஓர் அடி சேர்த்துப் போட்டாள்.

"அங்க அடிக்காதே."

"கை நிக்க மாட்டேங்குதுடி."

"நிக்கும்" என்றாள் ஆவுடை. "எனக்கே நின்னுதே."

ஏரியில் கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தது. இருவரும் மறுபடி தொடங்கினார்கள்.

வேலையெல்லாம் முடியட்டும், பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவதே இல்லை, களைப்போடு களைப்பாக நாளும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறவரே கடைசிவரை வளர்கிறார் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.